காபியைக் குடித்துவிட்ட மேலாளர்

“எனக்கு எல்லாரையும் புரியுது. என்னைத்தான் ஒருத்தருக்கும் புரியல.”

முன்தர் வேலை முடிந்து வீட்டுக்குள் நுழைந்ததும் சொல்வது இது. ஷூவைக் கழற்றும்போது ஒரு தடவை, கை கழுவும்போது ஒரு தடவை, தட்டில் விழுந்த சோற்றைப் பார்த்துப் பெருமூச்சு விட்டபடி ஒரு தடவை. தினமும். விடுமுறை நாளான வெள்ளிக்கிழமையிலும். அவர் மனைவி ஹியாமுக்கு அது ஃபிரிட்ஜ் ஓடும் சத்தம் மாதிரி பழகிவிட்டது. நின்றுபோனால்தான் என்னவோ கெட்டுவிட்டது என்று எட்டிப் பார்ப்பாள்.

இந்த இனத்தை நீங்களும் பார்த்திருப்பீர்கள். பல தேசத்து ஆட்களை வைத்து வேலை வாங்கும் மேலாளர். அதுவும் வெறும் மேலாளர் இல்லை, பண்பாடு தெரிந்த மேலாளர். வெறும் மேலாளரால் பெரிய ஆபத்து கிடையாது. திட்டுவார், கையெழுத்துப் போடுவார், வீட்டுக்குப் போய்விடுவார். பண்பாடு தெரிந்தவர் திட்ட மாட்டார். உங்களைப் புரிந்துகொள்வார். தலையை ஒரு பக்கம் சாய்த்து, கண்ணைப் பாதி மூடி, நீங்கள் சொல்வதைக் காதில் வாங்காமல், நீங்கள் எந்த ஊர் என்பதை மட்டும் வாங்கிக்கொண்டு, அந்த ஊர்க்காரர்கள் என்ன சொல்வார்கள் என்று தான் படித்து வைத்திருப்பதை மனசுக்குள் புரட்டிப் பார்த்து, அதற்குப் பதில் சொல்வார். முகத்தில் வெயில் அடிக்கிறது, நாற்காலியைக் கொஞ்சம் நகர்த்துங்கள் என்று கேட்டுப் பாருங்கள். உங்கள் பண்பாட்டில் இடத்துக்கு எவ்வளவு மதிப்பு என்று எனக்குத் தெரியும் என்பார். நாற்காலி அங்கேயே இருக்கும். வெயிலும் அங்கேயே இருக்கும்.

எப்படி அடையாளம் காண்பது? கஷ்டமே இல்லை. எந்தப் பேச்சையும் ‘அவங்க பண்பாட்டுல’ என்றுதான் தொடங்குவார். எந்த நாட்டுக்காரரைப் பார்த்தாலும் அந்த நாட்டு மொழியில் ஒரு வணக்கம் வைப்பார். எதிராளி சந்தோஷப்பட்டு அதே மொழியில் இரண்டு வார்த்தை கூடுதலாகப் பேசிவிட்டால் கைக்கடிகாரத்தைப் பார்ப்பார். விருந்தாளியின் கொடியைப் பார்த்து டை கட்டுவார். கூட்டத்தில் ஒருவர் வாய் திறக்காமல் இருந்தால் அது மரியாதை மௌனம். திறந்தால் அது நேரடிப் பேச்சுப் பண்பாடு. தூங்கிவிட்டால்? அதற்கும் ஒரு தேசம் கையில் வைத்திருப்பார்.

முன்தர் பிறக்கும்போதே இப்படி இல்லை. ஹியாமைக் கட்டிக்கொண்டபோது அவர் பம்பு பார்க்கிற எஞ்சினியர். மோட்டார் ஓடுகிற சத்தத்தைக் கேட்டே உள்ளே எது தேய்ந்திருக்கிறது என்று சொல்லிவிடுவார். வடக்கத்தி இர்பித்காரராக இருந்தாலும் நல்ல மனிதர் என்று தெற்கே கராக்கில் இருந்த ஹியாமின் வீட்டார் ஒத்துக்கொண்டார்கள். பிற்பாடு கம்பெனி அவரை மேலாளர் ஆக்கியது. ஆக்கியதோடு விட்டதா? துபாயில் ஒரு பெரிய ஹோட்டலில் ‘பல பண்பாட்டு அணிகளை வழிநடத்துவது எப்படி’ என்று ஒரு பயிற்சிக்கு அனுப்பியது. போனவர் பம்பு தெரிந்த மனிதர். வந்தவர் வேறு ஆள். கையில் தங்க ஓரம் போட்ட சான்றிதழ், கழுத்தில் கழற்ற மனசு வராத பெயர் அட்டை, லாப்டாப் நிறைய ஸ்லைடுகள். முதல் ஸ்லைடு பனிப்பாறை.

கடலில் மிதக்கிற பனிப்பாறை. மேலே கொஞ்சூண்டு தெரிகிறது. தண்ணீருக்கு அடியில் மலை மாதிரி கிடக்கிறது. பண்பாடும் இதே மாதிரிதானாம், வெளியே தெரிவது துளி, உள்ளே கிடப்பது பெரிசு. முன்தர் அதைப் பெரிதாக அச்சடித்துச் சட்டம் போட்டு விருந்தினர் அறையில் மாட்டினார். வந்தவர்களை எல்லாம் அதன் முன்னால் நிற்க வைத்து என்ன தெரிகிறது என்று கேட்பார். ஹியாமையும் கேட்டார். அவள் நன்றாகப் பார்த்தாள்.

“இதை உருக்கினா நம்ம தெருவுல எல்லார் தொட்டியும் எத்தனை கோடைக்கு நிரம்பும்?” என்றாள்.

முன்தருக்கு முகம் வாடிவிட்டது. ஆனால் அவள் விளையாட்டுக்குக் கேட்கவில்லை. மாதபாவில் அவர்கள் இருக்கிற பக்கத்துக்குக் குழாயில் தண்ணீர் வருவது செவ்வாய்க்கிழமை மட்டும். அன்றைக்கு மொட்டைமாடித் தொட்டி நிரம்பினால் நிரம்பியதுதான். துவைப்பது, தரை கழுவுவது, பாத்திரம் பெரிய சட்டி எல்லாவற்றையும் தேய்ப்பது, பெண்டுகள் தலைக்குக் குளிப்பது, எல்லாம் செவ்வாய். அந்தத் தெருவில் ஒருத்தியும் செவ்வாய்க்கிழமை ஒரு துக்க வீட்டுக்குக்கூடப் போக மாட்டாள். புதன்கிழமை போய் இரண்டு மடங்கு அழுதுவிட்டு வருவாள். கோடையில் சில செவ்வாய் வெறும் காற்றுதான் வரும். லாரித் தண்ணீர்க்காரனைக் கூப்பிட்டால் அவன் ராஜா மாதிரி வருவான், அதுவும் அவனுக்கு மனசு இருந்தால்.

முன்தர் கையில் இருந்த திட்டம் இந்தத் தண்ணீர்தான். கிழக்கே தோண்டிய புதுக் கிணறுகளிலிருந்து மாதபாவின் இந்தப் பக்கத்துக்குக் குழாய் போடுவது. பணம் வெளிநாட்டுக்காரர்கள் தந்தது. கணக்குப் போட்டுக் கொடுக்க யோஸ்ட் என்று ஒரு டச்சுக்காரர். குழாய் பதிக்க ஹான் என்று ஒரு கொரியாக்காரர். தலைவர் முன்தர். குழாய் எல்லா இடத்திலும் வந்துவிட்டது, ருஜும் கிராமத்தில் ஒரு பார்லி வயலின் ஓரத்தைத் தவிர. வயல் அபூ தியாப் என்ற பெரியவருடையது. அவர் சரி என்று சொல்ல வேண்டும். கோடைக்கு முன்னால் சொல்லாவிட்டால் பணம் கொடுத்தவர்கள் குழாயை வேறு ஊருக்குத் திருப்பிவிடுவார்கள். திருப்பினால் முன்தருக்கு வேலை போகும். ஹியாமுக்குத் தண்ணீர் போகும். எது பெரிய நஷ்டம் என்று அவளைக் கேட்காதீர்கள். கூச்சப்படாமல் சொல்லிவிடுவாள்.

முன்தர் தன் அணியை எப்படி வழிநடத்தினார் என்று பார்க்க வேண்டுமானால் அவர் வீட்டு வெள்ளிக்கிழமைச் சாப்பாட்டைப் பார்த்தால் போதும். கொரியாக்காரர்களுக்குக் காரம் இல்லாமல் இறங்காது என்று ஸ்லைடில் இருந்தது. ஆகவே மக்லூபாச் சோற்றில் கையளவு மிளகாய்த்தூள் போடச் சொன்னார். ஹான் ஒரு வாய் வைத்தார், கண்ணில் தண்ணீர் வந்தது, தயிர்ச் சட்டியை இரண்டு கையாலும் இழுத்து மடியில் வைத்துக்கொண்டார். உணர்ச்சிவசப்படுகிறார் என்று முன்தர் அவர் முதுகைத் தட்டிக்கொடுத்தார். டச்சுக்காரர்கள் மத்தியானம் ஆறிப்போன ரொட்டியும் பாலாடைக் கட்டியும்தான் தின்பார்கள் என்று இன்னொரு ஸ்லைடு. எனவே எல்லாரும் சுடச்சுட மன்ஸஃப் கறிச்சோற்றில் கை வைத்துக்கொண்டிருக்கும்போது யோஸ்ட் முன்னால் மட்டும் இரண்டு துண்டு ரொட்டி. அந்த ஆறடி மனிதர் ஆட்டிறைச்சித் தாம்பாளத்தைப் பார்த்த பார்வையை நீங்கள் பார்த்திருந்தால் அன்றைக்குச் சாப்பிட்டிருக்க மாட்டீர்கள். டச்சுக்காரர்கள் முகத்துக்கு நேரே பேசுவார்கள் என்பது மூன்றாவது ஸ்லைடு. யோஸ்டோ, தன் கால் மேல் ஒருவர் நின்றால்கூட அவராக இறங்கட்டும் என்று காத்திருக்கிற பிறவி. ஹியாம்தான் முன்தர் கை கழுவப் போன சமயம் பார்த்து ஒரு தொடைக்கறியை அந்த ரொட்டிக்கு அடியில் செருகினாள். யோஸ்ட் காது வரைக்கும் சிவந்துபோனார். ஆனால் எலும்பு மிஞ்சவில்லை.

வீட்டிலும் இதே கதைதான். தெருவில் காஸ் வண்டி பாட்டுப் போட்டுக்கொண்டு வரும்போது சிலிண்டரைத் தூக்கிக் கொடுங்கள் என்றால், கராக் பக்கத்து ஆட்கள் உறவை முன்னால் வைப்பவர்கள், ஒரு வேலையைக்கூடப் பாசத்தை நிரூபிக்கிற பரீட்சையாக வைப்பார்கள், அது தனக்குப் புரிகிறது என்பார். புரிந்துகொண்டிருக்கும்போதே காஸ் வண்டி அடுத்த தெருவுக்குப் போய்விடும்.

இப்படிப்பட்டவர்தான் ருஜும் கிராமத்துக்குப் போனார். போனார் என்றால் திரும்பத் திரும்பப் போனார். ஒவ்வொரு தடவையும் ஒரே கதை. அபூ தியாப் வாசல் வரை வந்து அழைத்துப் போவார். தானே பானையை இடது கையில் பிடித்து, ஏலக்காய் மணக்கிற கசப்புக் காபியைச் சின்னக் கோப்பையில் ஊற்றி, வலது கையால் முதலில் முன்தரிடம் நீட்டுவார். முன்தர் வாங்கி ஒரே மடக்கில் குடித்து, போதும் என்று கோப்பையை அழகாக ஆட்டிக் காட்டுவார். அதுவும் ஸ்லைடில் இருந்தது: காபியை மறுக்காதே, உடனே குடி, போதும் என்றால் கோப்பையை ஆட்டு. பிறகு வரைபடத்தை விரிப்பார். குழாய் எங்கே வரும், ஊருக்கு என்ன நன்மை, நிலத்துக்கு என்ன ஈடு, எல்லாம் விளக்குவார். பெரியவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, இந்த வருஷம் குட்டி போட்ட ஆடுகளைப் பற்றிப் பேச ஆரம்பிப்பார். குழாய் என்றால் ஆடு. ஈடு என்றால் மழை. கடைசியில் வாசல் வரை வந்து வழியனுப்பி, இது உங்கள் வீடு, எப்போது வேண்டுமானாலும் வாருங்கள் என்பார். முன்தர் வெறும் கையோடு வீட்டுக்கு வந்து ஷூவைக் கழற்றுவார். மிச்சம் உங்களுக்குத் தெரியும்.

ஒரு நாள் ஹியாம் பீன்ஸ் நறுக்கிக்கொண்டே கேட்டாள். “காபியைக் குடிச்சீங்களா?”

“குடிக்காம? குடிக்கலைன்னா அவங்களுக்கு அது பெரிய அவமானம்.”

ஹியாம் கத்தியைக் கீழே வைத்துவிட்டாள். மகன் கைஸின் பெயரால், அபூ கைஸ், அதாவது கைஸின் அப்பா என்றுதான் அவரைக் கூப்பிடுவாள். “அபூ கைஸ், ஒரு காரியமா ஒருத்தர் வீட்டுக்குப் போறவங்க காபியைக் குடிப்பாங்களா? என்னைப் பொண்ணு கேக்க உங்க பெரியப்பா வந்தாரே, எங்க அப்பா முன்னாடி கோப்பையை அப்படியே வெச்சுட்டு உக்காரலையா? வந்த காரியம் ஆச்சு, குடிங்கன்னு எங்க அப்பா சொன்னப்புறம்தானே குடிச்சார்? அதுக்குள்ள காபி ஐஸ் மாதிரி ஆயிப்போச்சுன்னு ஊரெல்லாம் சொல்லிக்கிட்டு இருந்தார் உங்க பெரியப்பா.”

முன்தர் சிரித்தார். சின்னப் பிள்ளை ஏதோ சொன்ன மாதிரி தலையைச் சாய்த்துச் சிரித்தார். “அது கல்யாணத்துக்கு, ஹியாம். கொலைப் பகையைப் பேசித் தீர்க்கிறதுக்கு. இது புராஜெக்ட்.”

“கேக்கறது கேக்கறதுதானே?”

“நீ பண்பாட்டுக்கு உள்ளேருந்து பேசற. உள்ள இருக்கிறவங்களுக்கு அது தெரியாது. வெளியேருந்து பாத்தாத்தான் தெரியும்.”

யோசித்துப் பாருங்கள். இர்பித்தில் பிறந்து, அதே காபியில் பால் குடி மறந்து, அதே மாதிரி பெண் கேட்டுக் கல்யாணம் பண்ணிக்கொண்ட மனிதர். துபாய் ஹோட்டலில் யாரோ தொகுத்த ஸ்லைடில் கோப்பையை ஆட்டுவது இருந்தது, வைப்பது இல்லை. ஆகவே வைப்பது என்று ஒன்று உலகத்தில் இல்லை. ஹியாம் பீன்ஸை எடுத்தாள். இர்பித் ஆட்களே இப்படித்தான் என்று நினைத்துக்கொண்டாள். நினைத்ததோடு நில்லாமல் பக்கத்து வீட்டு உம்மு ரகதிடமும் போய்ச் சொன்னாள். உம்மு ரகத் தானும் இர்பித்காரி என்பது சொல்லி முடித்த பிறகுதான் ஞாபகம் வந்தது.

வசந்தம் முடிகிற நேரத்தில் கம்பெனியிலிருந்து கறாராகச் சொல்லிவிட்டார்கள். இதுதான் கடைசித் தடவை, அபூ தியாப் சம்மதிக்காவிட்டால் குழாயைத் திருப்ப வேண்டியதுதான். முன்தர் அன்று இரவு சாப்பிடவில்லை. என்ன பிழை செய்தோம் என்று யோசித்து, இந்தப் பெரியவருக்கு உறவுதான் முக்கியம், உறவை இன்னும் கட்ட வேண்டும், மொத்த அணியையும் அழைத்துப் போய்க் கட்ட வேண்டும் என்று முடிவு செய்தார். அப்படியானால் நானும் வருகிறேன் என்றாள் ஹியாம். பெண்பிள்ளை இல்லாமல் இத்தனை ஆம்பிளைகள் ஒரு வீட்டுக்குப் போனால் விருந்தாளி மாதிரி இருக்காது, ஜப்தி பண்ண வந்த மாதிரி இருக்கும் என்றாள். முன்தருக்கு இது பிடித்துவிட்டது. உறவு கட்ட இது நல்ல உத்தி என்றார்.

புறப்படுகிற அன்று காலையில் முன்தர் மாடியில் டை தேர்ந்தெடுத்துக்கொண்டிருந்தார். யோஸ்டும் இருக்கிறார், ஹானும் இருக்கிறார், எந்தக் கொடிக்கு எந்தக் கலர் என்று அவருக்குக் குழப்பம். அந்த நேரத்தில் ஹியாம் கீழே சமையலறையில் யோஸ்டையும் ஹானையும் நிற்க வைத்தாள். ஹான் பேசுவது வேலைத்தளத்து எகிப்தியத் தொழிலாளர்களிடம் பொறுக்கிய அரபி. யோஸ்ட் பேசுவது புத்தக அரபி. ரொட்டிக்கடையில் அவர் ரொட்டி கேட்டால் வானொலியில் செய்தி வாசிக்கிற மாதிரி இருக்கும்.

“இன்னிக்குக் காபி குடுப்பார். வாங்குங்க. முன்னாடி வைங்க. வந்த காரியம் ஆச்சு, குடிங்கன்னு பெரியவர் தன் வாயால சொல்ற வரைக்கும் தொடக்கூடாது. சும்மா குடின்னார்னா, கேட்டது கிடைக்காம குடிக்க மாட்டோம்னு சொல்லுங்க.”

அவமானமாகிவிடும் என்று முன்தர் சொல்லியிருக்கிறாரே என்று யோஸ்ட் இழுத்தார்.

“வாயில வெச்சீங்கன்னா வெள்ளிக்கிழமை இந்த வீட்டுல ரொட்டிக்கு அடியில ஒண்ணும் இருக்காது.”

யோஸ்ட் உடனே ஒத்துக்கொண்டார். ஹான் ஏன் என்று கேட்டார்.

“ஏன்னு கேக்காதீங்க. கேட்டா அதுக்கும் அவர்கிட்ட ஒரு ஸ்லைடு வந்துடும்.”

பிறகு இர்பித்தில் பல்கலைக்கழகத்தில் படிக்கிற மகன் கைஸுக்குப் போன் போட்டு ஏதோ சொல்லி வைத்தாள். என்ன சொன்னாள் என்று அப்புறம் பார்ப்போம்.

ருஜுமில் அபூ தியாப் வழக்கம் போல வாசல் வரை வந்தார். ஆண்கள் முன்னறையில் மெத்தையில் உட்கார்ந்தார்கள். ஹியாம் கொண்டுபோன கனாஃபா இனிப்புத் தட்டோடு பக்கத்து அறையில் பெரியவரின் மனைவி உம்மு தியாபிடம் போனாள். இரண்டு அறைக்கும் நடுவில் கதவு திறந்தே இருந்தது. ஹியாம் கதவு தெரிகிற மூலையாகப் பார்த்து உட்கார்ந்தாள். உம்மு தியாப் முட்டிவலியைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தாள். ஹியாம் ஆமாம் ஆமாம் என்றாள். கண் மட்டும் பானை மேல்.

பெரியவர் ஊற்றினார். முதல் கோப்பை முன்தருக்கு. முன்தர் வாங்கினார். ஒரே மடக்கு. ஒரு ஆட்டு. பெரியவரின் தோள் கொஞ்சம் இறங்கியதை ஹியாம் அந்த மூலையிலிருந்தே பார்த்தாள். அவர் கோப்பையை வாங்கிக்கொண்டு, இந்த வருஷம் ஆடுகளுக்கு என்று ஆரம்பித்துக்கொண்டே அடுத்த கோப்பையை ஹானிடம் நீட்டினார். ஹான் இரண்டு கையாலும் வாங்கி, பாயில் தன் முன்னால் வைத்தார். அடுத்தது யோஸ்ட். அவரும் வைத்தார். வைத்துவிட்டு அது வெடிக்கப் போகிற பொருள் மாதிரி அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆடுகள் நின்றுபோயின. பெரியவர் பானையைக் கீழே வைத்தார். இரண்டு கோப்பையையும் பார்த்தார். உம்மு தியாப்கூட முட்டியை மறந்துவிட்டாள்.

இந்த இடத்தில் ஒரு சாதாரண மனிதர் என்ன செய்வார்? சும்மா இருப்பார். ஒன்றும் தெரியாதவர்களுக்கு இருக்கிற பெரிய வசதி அது. முன்தர் ஒன்றும் தெரியாதவரா? அவர் வரைபடத்தை மடக்கிவிட்டு முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார். இவர்கள் வேண்டுமென்று செய்யவில்லை, தப்பாக எடுத்துக்கொள்ளக்கூடாது என்று பெரியவரிடம் மன்னிப்புக் கேட்டார். கொரியாவில் பெரியவர்கள் குடிக்காமல் சிறியவர்கள் குடிக்க மாட்டார்கள் என்றார். டச்சுக்காரர்களுக்கு எல்லாவற்றுக்கும் கால அட்டவணை, காபிக்கும் ஒரு நேரம் உண்டு என்றார். பெரியவர் வாயைத் திறந்தார். முன்தர் இன்னும் பனிப்பாறைக்கு வரவில்லை என்று கையமர்த்தினார். பிறகு யோஸ்ட் பக்கம் திரும்பி, பல்லைக் கடித்துக்கொண்டு, குடிங்க, உடனே குடிங்க என்றார். யோஸ்ட் மேலாளர் பேச்சைத் தட்டாதவர். கை கோப்பையை நோக்கிப் போனது. விரல் விளிம்பைத் தொட்டது.

கதவில் ஹியாம் நின்றாள், கையில் போன்.

“அபூ கைஸ், கைஸ் லைன்ல இருக்கான். ஏதோ அவசரமாம்.”

மகன் என்றதும் முன்தர் பதறி எழுந்து போனை வாங்கிக்கொண்டு வெளியே ஓடினார். மகனுக்கு ஒன்றும் ஆகவில்லை, நீங்களும் பதற வேண்டாம். ஹியாம் காலையில் மகனிடம் சொல்லி வைத்தது இவ்வளவுதான்: அப்பாவிடம் அடுத்து என்ன கோர்ஸ் எடுக்கலாம் என்று கேள், மிச்சத்தை அவரே பார்த்துக்கொள்வார். பார்த்துக்கொண்டார். முற்றத்தில் அத்திமரத்துக்கும் ஆட்டுப்பட்டிக்கும் நடுவில் நடந்துகொண்டே, இன்றைய உலகத்தில் எந்தப் படிப்புப் படித்தாலும் பண்பாடு தெரியாவிட்டால் வீண் என்று அவர் சொல்லிக்கொண்டிருப்பது உள்ளே நன்றாகக் கேட்டது.

பெரியவர் யோஸ்டைப் பார்த்தார். “காபி ஆறுது, மகனே. குடி.”

யோஸ்ட் ஹியாமைப் பார்த்தார். ஹியாம் கூரையைப் பார்த்தாள். யோஸ்ட் தொண்டையைச் செருமிக்கொண்டு செய்தி வாசித்தார். “மதிப்பிற்குரிய ஐயா, எங்கள் வேண்டுகோள் நிறைவேறும் வரை இதனை அருந்த எங்களால் இயலாது.”

“என்ன வேணும்?”

யோஸ்டுக்கு அதற்கு மேல் பாடம் கிடையாது. காது சிவந்தது. ஹான் குறுக்கே புகுந்தார். “தண்ணி பெரியவரே. குழாய். உங்க வயல் ஓரமா, அங்க வேலி இருக்கே, அதை ஒட்டி. மாதபால பொம்பளைங்க வாரத்துல ஒரு நாள் துணி துவைக்கிறாங்க. குடுங்க.”

அபூ தியாப் தாடியைத் தடவினார். பிறகு அவருக்குக் கோபம் வந்தது. இத்தனை நாள் அடக்கி வைத்த கோபம்.

“இதைக் கேக்கறதுக்கு இத்தனை நாளா? ஒவ்வொரு தடவையும் இவர் வாசல்ல இறங்கும்போது, இன்னிக்குக் கேட்டுடுவார்னு காத்துக்கிட்டு இருப்பேன். வருவார். காபியைக் கடகடன்னு குடிப்பார். படம் காட்டுவார். என் நிலத்துல என்ன நடக்கப் போகுதுன்னு எனக்கே சொல்லிக் குடுப்பார். கேக்கவே மாட்டார். கேக்காதவனுக்கு நான் எதைத் தூக்கிக் குடுக்கறது? சும்மா பாத்துட்டுப் போக வந்திருக்கார்போலன்னு ஆட்டைப் பத்திப் பேசி அனுப்புவேன். என் வீட்டுலயும் லாரித் தண்ணிதான் ஐயா.” அவர் கையை மார்பில் வைத்தார். “குடிங்க. வந்த காரியம் ஆச்சு.”

இருவரும் குடித்தார்கள். ஹான் இன்னொன்று கேட்டார். யோஸ்டுக்கு வயிற்றில் அமிலத் தொந்தரவு. ஒரு வருஷமாக முன்தர் ஊற்றிய காபி ஒவ்வொன்றையும் சொல்லவும் முடியாமல் குடித்து அவதிப்பட்டவர். இன்றைக்குத்தான் ஒரு காபியைக் கொஞ்ச நேரமாவது குடிக்காமல் இருந்தார். பெரியவர் கதவுப் பக்கம் பார்த்தார். இந்த வெள்ளைக்காரப் பிள்ளைக்கு யார் சொல்லிக் கொடுத்தது என்று கேட்கவில்லை. வேறொன்று கேட்டார்.

“அபூ கைஸ் வீட்டுக்காரம்மாவுக்கு எந்த ஊரு?”

“கராக்.”

“அதான்” என்றார் பெரியவர். “கராக் ஆளுங்களே அப்படித்தான்.”

அவருக்கும் அந்த வியாதி இருந்தது. என்ன செய்வது, யாருக்குத்தான் இல்லை?

முன்தர் போனை வைத்துவிட்டு உள்ளே வரும்போது எல்லாம் முடிந்திருந்தது. அபூ தியாப் அவரைக் கட்டிப்பிடித்து இரண்டு கன்னத்திலும் முத்தம் கொடுத்தார். முன்தருக்கு ஒரு நிமிஷம் ஒன்றும் விளங்கவில்லை. விளங்கியதும் கண் கலங்கியது. அது நிஜமான கலக்கம். இத்தனை நாள் தூக்கம் இல்லாமல் கிடந்தவர் அல்லவா? ஆனால் கார் ருஜுமைத் தாண்டுவதற்குள் தெளிந்துவிட்டார்.

“பாத்தியா ஹியாம்? உறவு. எத்தனை மாசமா கட்டிக்கிட்டு வந்தேன். இன்னிக்குக் காய் பழுத்துச்சு.” பின்னால் திரும்பி யோஸ்டிடம், பெரியவர் வீட்டில் காபியை அவ்வளவு நேரம் வைத்திருந்தது பெரிய பிசகு, தான் கட்டிய உறவால்தான் தப்பித்தோம், இனிமேல் கவனமாக இருக்க வேண்டும் என்று அன்போடு சொன்னார். டச்சுக்காரர்களுக்கு இது வராது, அதில் தப்பில்லை என்றும் சொன்னார். யோஸ்ட் சிவந்தார். ஹான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்; தோள் மட்டும் குலுங்கிக்கொண்டிருந்தது. ஹியாம்? நேற்று வரை அவளுக்கு இருந்த நாக்கு உங்களுக்குத் தெரியும். அன்று அவள் அதைக் கடித்துக்கொண்டாள். குழாய் இன்னும் பதிக்கவில்லை. பதிக்கிற வரை இவர் சந்தோஷமாக இருக்கட்டும்.

குழாய் வந்தது. கோடையின் நடுவில் ஒரு சனிக்கிழமை, ஆமாம் சனிக்கிழமை, ஹியாம் வீட்டில் இருந்த போர்வை அத்தனையும் இழுத்துப் போட்டுத் துவைத்தாள். அழுக்கே இல்லாத போர்வையையும் விடவில்லை. உம்மு ரகத் மொட்டைமாடியில் நின்று பார்த்துவிட்டு, இன்றைக்குச் செவ்வாயா என்று கேட்டாள். இல்லை என்று ஹியாம் சொன்ன மாதிரி ஒரு வார்த்தையை அந்தத் தெருவில் யாரும் அவ்வளவு ருசித்துச் சொன்னதில்லை.

அன்றைக்குத்தான் மொட்டைமாடி மோட்டார் கரகரவென்று இரைந்தது. முன்தர் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் தலையை நிமிர்த்தினார். சாய்க்கவில்லை, நிமிர்த்தினார். ஒரு நொடி கேட்டார். பேரிங் என்று சொல்லிவிட்டு எழுந்து ஸ்பேனரோடு மாடிக்குப் போனார். ஹியாம் ஈரப் போர்வைகளுக்கு நடுவில் நின்று பார்த்தாள். மனிதர் வாயைத் திறக்காமல் வேலை பார்த்தார். கழற்றினார், துடைத்தார், மாட்டினார், காதை வைத்துக் கேட்டார். மோட்டாரை எந்த ஊர் என்று கேட்கவில்லை. தன்னைக் கட்டிக்கொண்டவர் இவர்தான் என்று ஹியாமுக்கு ஞாபகம் வந்தது. கைக்கு எண்ணெய்த் துணி எடுத்துக் கொடுத்தாள்.

அவர் கீழே வந்து கை கழுவினார். தாராளமாகத் தண்ணீர் வந்தது. அதைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: “எனக்கு எல்லாரையும் புரியுது. என்னைத்தான் ஒருத்தருக்கும் புரியல.”

இப்போது கம்பெனி அவரைப் பயிற்சி கொடுப்பவராகவே ஆக்கிவிட்டது. ருஜும் விவகாரம் ஒரு ஸ்லைடு ஆகிவிட்டது. உறவைக் கட்டுவது எப்படி என்று தலைப்பு. அதில் அத்திமரம் இருக்கிறது, ஆடு இருக்கிறது, கோப்பை மட்டும் இல்லை.

நீங்கள் ஒரு தடவை அவர்களைப் போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள். மாதபாவில் கேட்டால் வீட்டைக் காட்டுவார்கள். வெள்ளிக்கிழமை மத்தியானம் போங்கள், மன்ஸஃப் இருக்கும், ஹானும் யோஸ்டும் இருப்பார்கள். முன்தர் உங்களைப் பனிப்பாறை முன்னால் நிறுத்துவார். பாருங்கள். எந்த ஊர் என்று கேட்பார். சொல்லிவிடுங்கள், வேறு வழியில்லை. காபி கொடுத்தால் குடிக்காமல் முன்னால் வையுங்கள். அவர் உங்கள் பண்பாட்டை உங்களுக்கு விளக்க ஆரம்பித்துவிடுவார், கவனிக்க மாட்டார். ஹியாம் கவனிப்பாள். என்ன வேண்டும் என்று கேட்பாள். கேளுங்கள், அவளால் முடிந்தால் செய்வாள்.

ஒன்று மட்டும். போகிற வழியில், கராக் ஆட்கள் எப்படி, இர்பித் ஆட்கள் எப்படி, அவர்களிடம் எப்படிப் பேச வேண்டும் என்று பக்கத்தில் இருப்பவரிடம் விளக்கிச் சொல்ல உங்களுக்கு வாய் ஊறினால், வண்டியை அங்கேயே நிறுத்தித் திரும்பி வந்துவிடுங்கள். ஒரு வீட்டுக்கு ஒருவர் போதும்.